முட்டை, புழு, கூடு: வண்ணத்துப்பூச்சித் தோட்டத்தில் கோளாறு தென்பட்டால் எங்கே தேடுவது

கன்னியாகுமரி மாவட்டத்தில் வீட்டு விளையிலோ (தோட்டத்திலோ) பள்ளி வளாகத்திலோ வண்ணத்துப்பூச்சிகளுக்கென்று செடி வைப்பவர்கள் இப்போது பெருகி வருகிறார்கள். பூச்சி வருகிறது, ஆனால் முட்டை இல்லை. முட்டை இருக்கிறது, பொரிக்கவில்லை. புழு நன்றாக வளர்ந்து கூடு கட்டியது, வெளிவந்த பூச்சியின் சிறகு விரியவில்லை என்று அவர்கள் சொல்லும் குறைகள் பெரும்பாலும் ஒரே மாதிரியானவை. கோளாறு கண்ணில் படும் கட்டத்தில் அதன் காரணம் இருப்பது அரிது என்பதை முதலில் மனத்தில் வைத்துக்கொண்டால் தேடுவது எளிதாகிவிடும். சிறகில் தெரியும் குறைக்குக் கூடு தொங்கிய இடத்தையும், கூட்டில் தெரியும் குறைக்குப் புழு தின்ற இலையையும், முட்டையில் தெரியும் குறைக்குத் தாய்ப்பூச்சி கழித்த நாட்களையும் பார்க்க வேண்டும். கீழே உள்ள அறிகுறிகளை அந்தப் பின்னோக்கிய வரிசையை விடாமல் படியுங்கள்.

மாவட்டம் சிறியது என்றாலும் அதன் தட்பவெப்பம் ஒன்றல்ல. குலசேகரம், அருமனை, பேச்சிப்பாறைப் பக்கம் தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் சேர்ந்து ஆண்டின் பெரும்பகுதியை ஈரமாக வைத்திருக்கின்றன. ஆரல்வாய்மொழிக் கணவாயில் ஆனி, ஆடி மாதங்களில் காற்றாலைகளைச் சுழற்றும் அதே காற்று செடியின் ஈரத்தையும் உறிஞ்சிச் செல்கிறது. குளச்சல், மணவாளக்குறிச்சிக் கரையோரத்தில் உப்புக்காற்று இலையின் ஓரத்தைக் கருக்குகிறது. குலசேகரத்தில் பயன்பட்ட யோசனை ஆரல்வாய்மொழியில் தீங்காக முடியலாம் என்பதால், எந்த அறிகுறியைப் பார்க்கும்போதும் உங்கள் தோட்டம் இந்த மூன்றில் எதைச் சேர்ந்தது என்று முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள்.

பூச்சிகள் நிறைய வருகின்றன, ஆனால் முட்டை இடுவதில்லை

இந்தக் குறைக்கு விடை தேடும் பலர் பூச்செடிகளையே மேலும் மேலும் வாங்கி நடுகிறார்கள். தேன் தரும் பூ பூச்சியை வரவழைக்கும். முட்டையிட வைப்பது புழு தின்னும் செடிதான். எலுமிச்சை அழகி, கறிவேப்பிலை அழகி என்ற வண்ணத்துப்பூச்சிகளுக்கு எலுமிச்சை, நாரத்தை, கறிவேப்பிலை போன்ற செடிகள் வேண்டும். வெந்தய வரியனுக்கு எருக்கு, வெண்புள்ளிக் கருப்பனுக்கு அரளி, கொன்னை வெள்ளையனுக்குக் கொன்றை, ரோஜா அழகிக்கும் பொன்னழகிக்கும் ஈசுவரமூலிக் கொடி. இவை இல்லாத தோட்டம் பூச்சிகளுக்கு உணவகமாக மட்டுமே இருக்கும்.

செடி இருந்தும் முட்டை இல்லையென்றால் இலையின் வயதைப் பாருங்கள். கறிவேப்பிலைச் செடியின் அருகே பொறுமையாக நின்றால், பெண்பூச்சி ஓர் இலையில் இறங்கி முன்கால்களால் அதைப் படபடவென்று தட்டுவதைக் காணலாம். கால் நுனியில் உள்ள சுவை உணர்விகளால் இலையின் வேதிப்பொருட்களை அது சோதிக்கிறது. தளிர் என்றால் வயிற்றை வளைத்து ஒரு முட்டையை ஒட்டிவிட்டுப் பறக்கும்; முற்றிய இலை என்றால் தட்டிப் பார்த்துவிட்டு அடுத்த செடிக்குப் போய்விடும். முற்றிய இலையில் நீரும் நைட்ரசனும் குறைவு, நாரும் கடினமும் அதிகம். பொரித்து வரும் குட்டிப் புழுவின் வாயால் அதைக் கடிக்க இயலாது. எனவே கோடையில் முட்டை நின்றுபோனால் கவாத்து செய்து, வேரடியில் மூடாக்கு இட்டு, நீர் பாய்ச்சித் தளிர் வரச் செய்யுங்கள். இரண்டு மூன்று செடிகளை வெவ்வேறு வாரங்களில் வெட்டிவிட்டால் எப்போதும் ஏதாவது ஒன்றில் தளிர் இருக்கும். முட்டையிடுதலைக் கூட்ட இதைவிடப் பயனுள்ள வேலை எனக்குத் தெரிந்து வேறில்லை.

அடுத்து வெயிலும் காற்றும். பெரும்பாலான பகல்நேர இனங்கள் சுறுசுறுப்பாகப் பறக்க உடல் வெப்பநிலை ஏறத்தாழ 30 டிகிரி செல்சியசையாவது எட்ட வேண்டும். அதை அவை வெயிலில் சிறகை விரித்துத்தான் பெறுகின்றன. சுற்றிலும் ரப்பர் மரங்கள் நிற்கும் விளைகளில் காலை வெயில் தரையைத் தொடவே நேரமாகிவிடும். தை மாதத்தை ஒட்டி ரப்பர் இலை உதிர்க்கும் காலத்தில் அதே விளையில் பூச்சிகளின் நடமாட்டம் கூடுவதைக் கண்டிருந்தால், உங்கள் தோட்டத்தின் குறை வெயில்தான். தொட்டிச் செடி என்றால் இடத்தை மாற்றுங்கள். மண்ணில் நட்டது என்றால் கிழக்குப் பக்கத்து மரங்களின் கிளைகளைச் சற்று கழியுங்கள். ஆரல்வாய்மொழி, தோவாளைப் பக்கம் வெயிலுக்குப் பஞ்சமில்லை, காற்றே தடை. அசையும் இலையில் வயிற்றை வளைத்து முட்டையை ஒட்டுவது கடினம் என்பதால் மேற்குப் பக்கத்தில் செம்பருத்தி அல்லது ஆடாதோடை வேலி ஒன்றை வளர்த்து, அதன் மறைவில் உணவுச்செடிகளை வையுங்கள்.

ஆண்பூச்சியின் நிலையையும் கவனிக்க வேண்டும். ஈரமணலில் கூட்டமாக அமர்ந்து உறிஞ்சுபவை பெரும்பாலும் ஆண்கள். இலையுணவில் மிகக் குறைவாக உள்ள சோடியத்தை அவை அப்படிச் சேர்த்து, இணையும்போது விந்துப்பையுடன் பெண்ணுக்கும் கொடுக்கின்றன. அந்த உப்பு முட்டைகளுக்கும் போய்ச் சேர்வதாகவும், அவை நன்றாகப் பொரிக்க உதவுவதாகவும் ஆய்வுகள் காட்டியுள்ளன. சிமென்டு போட்டு மூடிய முற்றத்தில் இந்த வாய்ப்பு இல்லை. ஒரு மூலையில் ஆற்றுமணலும் செம்மண்ணும் கலந்து பரப்பி, எப்போதும் ஈரமாக வைத்திருந்தால் போதுமானது. வெந்தய வரியன், நீல வரியன் போன்றவற்றின் ஆண்கள் பெண்ணைக் கவரும் மணப்பொருளை உண்டாக்குவதற்குத் தேவையான சேர்மத்தைக் கிலுகிலுப்பை, தேள்கொடுக்கு ஆகிய செடிகளின் காய்ந்த அல்லது அடிபட்ட பகுதிகளிலிருந்து உறிஞ்சுகின்றன. களை என்று பிடுங்கி எறியப்படும் இந்த இரண்டையும் வேலியோரத்தில் விட்டுவைக்கும்படி உண்மையாகவே கேட்டுக்கொள்கிறேன்.

பருவமழைக்கு முன்னும் பின்னும் நீல வரியன்களும் கருப்பன்களும் பெருங்கூட்டமாக வந்து, அரளி அருகிலேயே இருந்தும் முட்டை இடாமல் போனால் உங்கள் தோட்டத்தில் குறை ஏதும் இல்லை. அவை வலசை போகின்றன. வலசைக் காலத்தில் இந்த இனங்களின் பெண்கள் முட்டை வளர்ச்சியை நிறுத்திவைத்து, உடலின் சேமிப்பைப் பறப்பதற்குச் செலவிடுகின்றன என்று பெங்களூரில் உள்ள தேசிய உயிரியல் அறிவியல் மையத்தின் வைசாலி பௌமிக், கிருஷ்ணமேக் குண்டே ஆகியோர் 2018-இல் வெளியிட்ட ஆய்வு காட்டியது. அவற்றுக்குத் தேவை தேனும் ஓய்விடமும்தான்.

முட்டை இருக்கிறது, பொரிக்கவில்லை

எலுமிச்சை அழகியின் முட்டை நம் வெப்பத்தில் பொதுவாக மூன்று முதல் ஐந்து நாட்களில் பொரிந்துவிடும். ஒரு வாரம் கடந்தும் அப்படியே இருந்தால் கைக்கண்ணாடியால் நிறத்தைப் பாருங்கள்.

முட்டை குழிந்து சப்பையாகக் கிடந்தால் அது உலர்ந்துவிட்டது. உயிருள்ள இலை தன் துளைகள் வழியே நீராவியை விட்டுக்கொண்டே இருப்பதால் இலைப் பரப்பை ஒட்டி மெல்லிய ஈரக்காற்றுப் படலம் ஒன்று எப்போதும் நிற்கிறது. முட்டை வாழ்வது அந்தப் படலத்துக்குள்தான். இலையைப் பறித்துப் பெட்டியில் வைத்ததும் படலம் மறைந்துவிடுகிறது. முட்டையை இலையோடு பறிக்காதீர்கள். பாதுகாக்க வேண்டுமென்றால் அந்தக் கிளையையே கொசுவலைப் பையால் மூடிக் கட்டுங்கள். செடி தண்ணீரின்றி வாடி நின்றாலும் இதே விளைவுதான்.

முட்டை முழுவதும் சீராகக் கன்னங்கரேல் என்று மாறி அப்படியே நின்றால், கண்ணுக்கு எளிதில் தெரியாத முட்டை ஒட்டுண்ணிக் குளவி அதற்குள் தன் முட்டையை வைத்திருக்கிறது. பொரிக்கும் நாளில் வரும் கருமை வேறு: அப்போது ஓட்டின் வழியே புழுவின் தலை ஒரு கரும்புள்ளியாகத் தெரியும். ஒட்டுண்ணி இயற்கையின் பகுதி, அதற்கு மருந்து அடிக்கக் கூடாது. மேலே பஞ்சுபோல் வெண்மை படர்ந்திருந்தால் பூஞ்சை. மலையடிவாரத் தோட்டங்களில் ஐப்பசி மழையின்போது இதைக் காணலாம், செடிகளை நெருக்கமாக வைக்காமல் காற்று புக இடம்விட்டால் குறையும்.

நிறமும் வடிவமும் மாறாமல் மஞ்சளாகவே இருந்து பிறகு சுருங்கினால் அது கருவுறாத முட்டையாக இருக்கக்கூடும். வலைக்கூண்டில் அடைத்து வளர்ப்பவர்களுக்கே இது அதிகம் நேர்கிறது: இணைசேர வெயிலும் பறக்க இடமும் வேண்டும், சிறிய கூண்டில் இரண்டும் கிடைப்பதில்லை. கடும் வெப்பத்தையும் மறந்துவிடக் கூடாது. பழ ஈ, மாவு வண்டு முதலிய பூச்சிகளில், உயிரைக் கொல்லாத அளவு வெப்ப அலையே ஆணின் விந்தைக் கெடுத்துவிடுகிறது என்பது ஆய்வகங்களில் தெளிவாகக் காட்டப்பட்டிருக்கிறது. தகரக் கூரைக்கு அடியில் கூண்டு வைத்திருந்தால் இன்றே அதை மாமர நிழலுக்கு மாற்றுங்கள்.

புழுக்கள் இறக்கின்றன

எப்படி இறக்கின்றன என்பதைக் கொண்டே காரணத்தைப் பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

ஒரே நாளில் எல்லாப் புழுக்களும் துடித்து, உடலை முறுக்கி, பச்சை நீரைக் கக்கி விழுந்தால் அது நஞ்சு. சந்தையில் வாங்கிய கறிவேப்பிலையைக் கழுவிப் போட்டேன் என்று சொல்வார்கள். இலைக்குள் ஊடுருவிய மருந்தைக் கழுவி நீக்க முடியாது. நாற்றங்காலிலிருந்து புதிதாக வாங்கிய செடியிலும் மருந்து தங்கியிருக்கலாம், ஆகவே பழைய இலைகளைக் கழித்துவிட்டு, உங்கள் மண்ணில் புதிதாக வந்த தளிரை மட்டும் கொடுங்கள். வீட்டுக்குள் வளர்ப்பவர்கள் இரவில் எரியும் கொசுவத்தியையும் மின்செருகியில் ஆவியாகும் கொசு மருந்தையும் நாய்க்குத் தடவும் உண்ணி மருந்தையும் எண்ணிப் பார்ப்பதில்லை. இவற்றில் பெரும்பாலானவை பூச்சிகளின் நரம்பைத் தாக்கும் பொருட்கள். வேப்பெண்ணெய்க் கரைசல் இயற்கையானது என்பதால் புழுவுக்குத் தீங்கில்லை என்று நம்புவதும் தவறு. அதில் உள்ள அசாடிராக்டின் புழுவின் பசியை அடக்குவதோடு, தோலுரிப்பை நடத்தும் இயக்குநீரையும் தடுக்கிறது. புழு உடனே சாகாமல், பாதி உரிந்த தோலுடன் சில நாள் கழித்து இறந்தால் அக்கம்பக்கத்தில் யாராவது வேப்பெண்ணெய் தெளித்தார்களா என்று விசாரியுங்கள்.

ஒன்றன்பின் ஒன்றாகச் சோர்ந்து, செடியின் உச்சிக்கு ஏறி, பின்கால்களால் பற்றித் தலைகீழாகத் தொங்கி, தொட்டால் தோல் கிழிந்து பழுப்பு நீராக வழிந்தால் அது வைரசு நோய். இந்நோய்க்கு மருந்து இல்லை. இறந்தவற்றை இலையோடு அகற்றி எரித்துவிட்டு, பெட்டியை ஒரு பங்கு பிளீச்சிங் திரவத்துக்கு ஒன்பது பங்கு தண்ணீர் கலந்து கழுவி, வெயிலில் நன்றாகக் காய வையுங்கள். அதன்பின் முந்திய கட்டத்தைப் பாருங்கள்: எத்தனை புழுக்களை ஒரே பெட்டியில் வைத்தீர்கள், மூடியின் உட்புறம் நீர்த்துளி நின்றதா, எச்சத்தை அள்ளாமல் விட்டீர்களா என்பவைதான் கேள்விகள். மழைக்காலத்தில் மூடிய பிளாஸ்டிக் பெட்டிக்குள் உண்டாகும் புழுக்கமும் நெரிசலும் கிருமிக்கு வேண்டிய எல்லாவற்றையும் தந்துவிடுகின்றன. மூடிக்குப் பதில் வலைத்துணி, அடியில் காகிதம், நாள்தோறும் சுத்தம் என்ற மூன்றும் போதும்.

புழுவின் மேல் அரிசி நொய்போல் வெள்ளை அல்லது மஞ்சள் கூடுகள் ஒட்டியிருந்தால் குளவி ஒட்டுண்ணி. முட்டையும் குட்டிப் புழுவும் சுவடில்லாமல் காணாமற்போனால் முசுறு எறும்பையோ சிலந்தியையோ தேடுங்கள். அந்த எறும்புகளைக் கொல்ல வேண்டியதில்லை. உணவுச்செடியின் கிளை எறும்புக்கூடு உள்ள மரத்தைத் தொடாதபடி வெட்டிவிடுங்கள்.

ஒரு பொய்யான அறிகுறியையும் சொல்லிவைக்கிறேன். நன்றாகத் தின்றுகொண்டிருந்த பெரிய பச்சைப் புழு திடீரென்று தீனியை நிறுத்தி, நீர்த்த கழிவை வெளியேற்றி, செடியைவிட்டு இறங்கி அலையத் தொடங்கினால் அது நோயல்ல, எலுமிச்சை அழகி வகைப் புழுக்கள் கூடு கட்டுமுன் குடலைக் காலி செய்கின்றன. அதற்கு ஒரு குச்சியை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொள்ளுங்கள்.

பூச்சி வருகிறது, ஆனால் வழக்கத்தைவிடச் சிறியதாக இருக்கிறது

வண்ணத்துப்பூச்சியான பிறகு அது வளர்வதில்லை, அதன் அளவு புழுப்பருவத்திலேயே முடிவாகிவிடுகிறது. நெரிசல், இலைப் பற்றாக்குறை, முற்றிய இலை ஆகியவை ஒரு காரணம். வெப்பம் மற்றொன்று: சூடு கூடினால் வளர்ச்சி விரைகிறது, நாட்கள் குறைகின்றன, உடல் சிறுத்துவிடுகிறது. சிறிய பெண் பெரும்பாலும் குறைவான முட்டைகளை இடுவதால் இந்தக் குறை அடுத்த தலைமுறையின் எண்ணிக்கையில் தெரியும். தாய் வாழ்ந்த வெப்பம் முட்டையின் அளவையே மாற்றுவதும் உண்டு. ஆப்பிரிக்காவைச் சேர்ந்த பைசைக்ளஸ் அனினானா என்ற பழுப்புநிற இனத்தில், குளிரில் வைக்கப்பட்ட பெண்கள் குறைவான, ஆனால் பெரிய முட்டைகளை இட்டன. வெம்மையில் வைக்கப்பட்டவை அதிகமான, சிறிய முட்டைகளை இட்டன. சித்திரை வெயிலில் பிறக்கும் பூச்சிகள் சற்றே சிறுத்திருந்தால் கவலைப்பட வேண்டாம். மழைக்காலத்திலும் அப்படியே இருந்தால் தீனியைச் சரிபாருங்கள்.

கூடு பழுப்பாக இருக்கிறது, அல்லது பூச்சி வெளிவரவில்லை

எலுமிச்சை, கறிவேப்பிலை அழகிகளின் கூடு பச்சையாகவும் இருக்கும், பழுப்பாகவும் இருக்கும். புழு கூடு கட்டத் தேர்ந்த பரப்பின் நிறம், சொரசொரப்பு, வெளிச்சம் போன்றவை அதைத் தீர்மானிக்கின்றன. பச்சைத் தண்டில் பச்சையும் காய்ந்த குச்சியில் பழுப்பும் வருவது மறைந்துகொள்ளும் வழி, அதில் குறை எதுவும் இல்லை.

பொதுவாக எட்டு முதல் பன்னிரண்டு நாட்களுக்குள் பூச்சி வந்துவிடும். வராவிட்டால் கூட்டைத் திறந்து பார்க்காதீர்கள். வறண்ட அல்லது குளிர்ந்த பருவத்தில் சில கூடுகள் வளர்ச்சியை நிறுத்திக்கொண்டு வாரக்கணக்கில் காத்திருப்பது உண்டு. கனமாகவும், மெல்லத் தொட்டால் வயிற்றுப் பகுதி அசைவதாகவும் இருந்தால் அது உயிரோடு இருக்கிறது. காகிதம்போல் எடையற்றுப் பக்கவாட்டில் குண்டூசித் துளை தெரிந்தால் குளவியும், வரியன்களின் கூட்டிலிருந்து வெள்ளை நூல்போல் ஏதாவது தொங்கினால் ஒட்டுண்ணி ஈயும் அதை முடித்துவிட்டன என்று பொருள்.

சிறகு சுருங்கியே நின்றுவிட்டது

மனம் மிக வருந்தும் அறிகுறி இதுதான், ஏனெனில் சிறகு காய்ந்தபின் செய்வதற்கு ஒன்றுமில்லை. கூட்டைவிட்டு வெளிவரும்போது சிறகுகள் நனைந்த துணித்துண்டுகளைப்போல் மடிந்திருக்கும். பூச்சி தலைமேலாகவோ சரிவாகவோ பற்றிக்கொண்டு, வயிற்றைச் சுருக்கி விரித்து, உடல் திரவத்தைச் சிறகு நரம்புகளுக்குள் செலுத்துகிறது. பத்து இருபது நிமிடங்களில் சிறகு முழு அளவுக்கு விரிந்து தளர்வாகத் தொங்கும், அதன்பின் ஒன்றிரண்டு மணி நேரத்தில் கடினமாகும். அப்போது சொட்டும் சிவந்த திரவம் இரத்தமல்ல, கூட்டுப் பருவத்தில் சேர்ந்த கழிவு.

இந்தச் சில நிமிடங்கள் தடைப்பட்டால் சிறகு அப்படியே உறைந்துவிடும். ஆகவே கூட்டைச் சுற்றி இருந்ததைப் பாருங்கள். வழுவழுப்பான பிளாஸ்டிக் சுவரில் ஏற முடியாமல் பூச்சி வழுக்கி விழுந்ததா? கீழே சிறகின் நீளத்துக்கு இடம் இல்லாமல் தரையில் இடித்ததா? மின்விசிறிக்கு நேரே இருந்ததா? ஆடிக் காற்று வீசும் ஊர்களில் ஈரப்பதம் மிகவும் குறைந்து, கூட்டின் உட்தோல் சிறகோடு ஒட்டிக்கொள்வதும் நிகழ்கிறது. அங்கே கூண்டின் அருகில் ஈரத்துணி ஒன்றைத் தொங்கவிடுங்கள். குலசேகரத்தில் அதைச் செய்தால் பூஞ்சைதான் வரும். விழுந்துவிட்ட வரியன் கூட்டை அதன் நுனிப் பட்டிலேயே நூல் முடிந்து தொங்கவிடலாம். எலுமிச்சை அழகியின் கூட்டைக் காகிதக் கூம்பில் தலை மேலாக வைத்து, பற்றி ஏறச் சொரசொரப்பான குச்சியை அருகில் சாய்த்துவையுங்கள்.

இவை எல்லாம் சரியாக இருந்தும் ஒரே தொகுதியில் பல பூச்சிகள் இப்படி வந்தால், காரணம் கூட்டில் இல்லை, புழு தின்ற இலையில் இருந்த நஞ்சோ கிருமியோதான். அந்தப் பூச்சிகளை இனப்பெருக்கத்துக்கு வைத்துக்கொள்ளாதீர்கள்.

குஞ்சுகள் தாயைப்போல் இல்லை

மயில் வசீகரன் என்ற வண்ணத்துப்பூச்சி மழைக்காலத்தில் சிறகின் அடிப்புறத்திலும் தெளிவான கண்புள்ளிகளோடும், வறண்ட காலத்தில் காய்ந்த சருகைப்போன்ற அடிப்புறத்தோடும் பிறக்கும். மாலையில் பறக்கும் பழுப்பு இனங்களிலும் இப்படியே. புழுவாக இருந்தபோது உணர்ந்த வெப்பமும் பகல் நீளமும் ஈரமும் எந்த வடிவம் வர வேண்டும் என்பதைத் தீர்மானிக்கின்றன. உங்கள் தோட்டத்தில் சருகு வடிவம் எப்போது தோன்றி எப்போது மறைகிறது என்று மாணவர்களைக் குறித்துவைக்கச் சொன்னால் அந்த ஊருக்கே உரிய பருவப் பதிவு ஒன்று கிடைக்கும்.

கறிவேப்பிலை அழகியில் தோன்றும் வேறுபாட்டுக்குச் சூழல் காரணமல்ல. அதன் பெண்களில் ஆணைப்போன்ற ஒன்றும், நச்சுள்ள ரோஜா அழகியைப்போன்ற ஒன்றும், சிகப்புடல் அழகியைப்போன்ற மற்றொன்றுமாக மூன்று வடிவங்கள் உண்டு. எது வரும் என்பதை ஒரே ஒரு மரபணு முடிவு செய்கிறது என்று 2014-இல் கண்டறியப்பட்டது. ஒரே கறிவேப்பிலைச் செடியின் புழுக்களிலிருந்து கருப்பும் சிவப்புமாக வேறு இனம் வந்துவிட்டது என்று பதற வேண்டியதில்லை.

முதலில் வருபவை எல்லாம் ஆண்களாக இருந்தாலும் காத்திருங்கள். பல இனங்களில் ஆண்கள் சில நாள் முந்தி வெளிவருகின்றன. மாறாக, ஒரு தாயின் முட்டைகளில் பாதி பொரிக்காமல், பொரித்தவை அனைத்தும் பெண்களாகவே வந்தால், ஆண் கருக்களை மட்டும் கொல்லும் பாக்டீரியா அந்தத் தாயிடம் இருந்திருக்கலாம். பசிபிக் தீவான சமோவாவில் வோல்பாக்கியா என்ற பாக்டீரியாவால் ஓர் இனத்தில் ஆண்கள் நூற்றுக்கு ஒன்று என்ற அளவுக்குக் குறைந்து, பின்னர் 2006-க்குள் அந்த இனத்திடமே எதிர்ப்பு தோன்றி நூற்றுக்கு நாற்பது என்ற அளவுக்கு மீண்டன. உங்கள் தோட்டத்தில் அப்படிப்பட்ட தொகுதி வந்தால் அந்தப் பெண்களைக் கூண்டில் வைத்துப் பெருக்காமல், பிறந்த இடத்திலேயே பறக்கவிடுங்கள்; புதுத் தொகுதிக்காகக் கோதையாறு, மாறாமலைக் காடுகளில் புழு எடுக்கப் போகாதீர்கள், அது காட்டுயிர்ச் சரணாலயப் பகுதி. தளிர்விட்ட நாரத்தை ஒன்று வெயிலில் நின்றால் வேறொரு தாய் தானாகவே வந்து முட்டையிடும்.